நம் முன்னோர் நெட்டையா, குட்டையா?

உயரத்தைப் பற்றி நம்மிடம் ஒன்றுக்கொன்று முரணான இரண்டு நம்பிக்கைகள் புழங்குகின்றன. அந்தக் காலத்து ஆட்கள் ஆஜானுபாகுவாக ஏழடி, எட்டடி இருந்தார்கள், கம்பும் கேழ்வரகும் தின்ற உடம்பு, நாம்தான் தேய்ந்துபோனோம் என்பது ஒன்று. பழைய வீட்டு நிலைவாசலில் தலையை இடித்துக்கொண்டவர்கள் சொல்வது மற்றொன்று: அப்போது எல்லோரும் குள்ளம், அதனால்தான் வாசலை இவ்வளவு தாழ்வாக வைத்தார்கள். இரண்டுமே நிற்காது. வாசல் தாழ்ந்ததற்குக் கூரைச் சரிவு, மழைச் சாரல், வெயில், மரத்தின் விலை என்று பல காரணங்கள் உண்டு. ஆளின் உயரம் தெரிய வேண்டுமானால் எலும்பு வேண்டும், அல்லது ஆளை நிறுத்தி அளந்து எழுதிவைத்த ஏடு வேண்டும்.

இவை இரண்டும் கிடைத்த இடங்களில் தெரிவது இதுதான்: மனிதரின் சராசரி உயரம் ஏறியபடியே வரவில்லை, இறங்கியபடியேயும் வரவில்லை. ஏறியது, இறங்கியது, மறுபடி ஏறியது. ஒவ்வொரு ஏற்ற இறக்கத்தையும் தோண்டிப் பார்த்தால், அந்த ஊரில் அந்தக் காலத்துக் கைக்குழந்தைகள் என்ன சாப்பிட்டன, எத்தனை முறை பேதியில் விழுந்தன என்ற கேள்விக்கே வந்து சேருகிறோம்.

எலும்பிலிருந்து உயரத்தைக் கணிக்கும் முறையை முதலில் பார்த்துவிடலாம். பின்னால் வரும் எண்களை எவ்வளவு தூரம் நம்பலாம் என்பது அதில்தான் அடங்கியிருக்கிறது. தோண்டியெடுத்த எலும்புகளில் இதற்கு மிகவும் உதவுவது தொடை எலும்பு. அதைப் பலகையில் கிடத்தி, இரு முனைக்கும் கட்டை கொடுத்து, மில்லிமீட்டர் சுத்தமாக அளப்பார்கள். மில்ட்ரெட் ட்ராட்டரும் கோல்டின் கிளெசரும் 1952இல் வெளியிட்ட சூத்திரங்கள் இன்றும் புழக்கத்தில் உள்ளன. வெள்ளை அமெரிக்க ஆண்களுக்கான சூத்திரம்: தொடை எலும்பின் நீளத்தை 2.38ஆல் பெருக்கி 61.41ஐக் கூட்டு. எலும்பு 45 செ.மீ. என்றால் உயரம் 168.5 செ.மீ.; பிழை 3.27 செ.மீ. கூடலாம், குறையலாம். அதே எலும்பைக் கறுப்பின அமெரிக்க ஆண்களுக்கான சூத்திரத்தில் போட்டால் 2.11ஆல் பெருக்கி 70.35ஐக் கூட்ட வேண்டும், விடை 165.3 செ.மீ. எலும்பு ஒன்றுதான், விடையில் 3 செ.மீ.க்கு மேல் வித்தியாசம். குளிர் நாட்டு மக்களுக்கு உடலை ஒப்பிட்டால் கால் சற்றுக் குட்டை, வெப்ப நாட்டு மக்களுக்குச் சற்று நீளம் என்பதால் இது வருகிறது. எந்த மக்களுக்கு எந்தச் சூத்திரம் என்று பார்க்காமல் ‘அகழாய்வில் கிடைத்தவர் ஆறடி’ என்று செய்தி வந்தால், சூத்திரத்தைக் கேட்ட பிறகே நம்ப வேண்டும்.

இதில் புகழ்பெற்ற ஒரு பிசகும் உண்டு. முழங்காலுக்குக் கீழுள்ள பெரிய எலும்பை, கணுக்காலில் புடைத்திருக்கும் முண்டையும் சேர்த்து அளக்க வேண்டும் என்று ட்ராட்டர் எழுதிவைத்தார். சூத்திரத்துக்காக அளந்தபோதோ அந்த முண்டை விட்டுவிட்டே அளந்திருக்கிறார். 1990களில்தான் இது வெளியே வந்தது. அதுவரை அவர் எழுதியபடி ஒழுங்காக அளந்தவர்களின் கணக்கெல்லாம் சுமார் 2.5 முதல் 3 செ.மீ. கூடுதலாக வந்துகொண்டிருந்தது. மண்டை ஓட்டிலிருந்து குதிகால் எலும்புவரை ஒவ்வொன்றாக அளந்து கூட்டும் முறை இதைவிடத் துல்லியமானது. ஆனால் அதற்கு முழு எலும்புக்கூடும் கெடாமல் கிடைக்க வேண்டும்.

ஏடுகளுக்கும் தனிக் கோளாறுகள் உண்டு. 18ஆம் நூற்றாண்டிலிருந்து நமக்குக் கிடைப்பவை பெரும்பாலும் படைப் பதிவேடுகள். குறைந்தபட்ச உயரம் இல்லாதவனைப் படை எடுக்காது. ஆகவே குட்டையானவர்கள் ஏட்டிலேயே ஏறுவதில்லை. சராசரியை அப்படியே எடுத்தால் ஊரே நெட்டையாகத் தெரியும். அளப்பவர் அரை அங்குலம், கால் அங்குலத்தை முழு அங்குலமாக்கிவிடுவதும், செருப்போடு நிறுத்துவதும் சகஜம். அலகுக் குழப்பத்தால் வந்த பெரிய பொய் நெப்போலியனின் குள்ளம். 5 அடி 2 அங்குலம் என்று பிரெஞ்சு அளவில் எழுதியதை ஆங்கில அளவாகப் படித்தார்கள். பிரெஞ்சு அங்குலம் 2.7 செ.மீ.; அப்படிப் பார்த்தால் அவர் சுமார் 168 செ.மீ. அன்றைய பிரெஞ்சுக்காரர்களின் சராசரிக்கு அவர் ஒரு துளியும் குறைந்தவரல்ல.

சரி, எண்களுக்கு வருவோம். வேட்டையாடி, கிழங்கும் கனியும் சேகரித்து வாழ்ந்தவர்கள் பயிர்த்தொழிலுக்கு மாறியபோது உயரம் குறைந்தது. ஐரோப்பியப் பழைய எலும்புக்கூடுகளின் மரபணுவையும் எலும்பு நீளத்தையும் சேர்த்துப் பார்த்த 2022ஆம் ஆண்டு ஆய்வொன்று, தொடக்ககால விவசாயிகள் தங்கள் மரபணுப்படி இருக்க வேண்டிய உயரத்தைவிடச் சுமார் 3.8 செ.மீ. குறைவாக இருந்ததைக் காட்டியது. தானியம் வயிற்றை நிரப்பும். வளரும் எலும்புக்கு வேண்டிய புரதத்தையும் துத்தநாகத்தையும் போதிய அளவில் தராது. கூழ் கிடைத்ததால் குழந்தை சீக்கிரம் பால் மறந்தது, அடுத்த குழந்தை சீக்கிரம் வந்தது. மாட்டோடும் மலத்தோடும் நெருங்கி, ஒரே இடத்தில் தலைமுறை தலைமுறையாகக் குடியிருந்தார்கள். ஊரும் அரசும் கோயிலும் தந்த அதே பயிர்த்தொழிலுக்குக் குழந்தைகள் தங்கள் உடம்பால் விலை கொடுத்திருக்கிறார்கள்.

வடக்கு ஐரோப்பிய எலும்புகளைத் தொகுத்த பொருளாதார வரலாற்று அறிஞர் ரிச்சர்ட் ஸ்டெக்கல், 9 முதல் 11ஆம் நூற்றாண்டு ஆண்களின் சராசரி 173.4 செ.மீ. என்று கணித்தார். 17, 18ஆம் நூற்றாண்டுகளில் அது சுமார் 167. ஆறேழு நூற்றாண்டுகளில் ஆறு செ.மீ.க்கு மேல் இறக்கம். இடையில் பருவநிலை குளிர்ந்தது, நகரங்கள் நெருக்கியடித்தன, வணிகப் பாதைகளில் சரக்கோடு நோயும் பயணித்தது, போர்கள் ஓயவில்லை.

இறக்கம் எல்லோருக்கும் ஒரே மாதிரி இல்லை என்பதை லண்டன் ஏடுகள் காட்டுகின்றன. 1756இல் தொடங்கப்பட்ட மரைன் சொசைட்டி, தெருவோர ஏழைச் சிறுவர்களைச் சேர்த்துக் கப்பல் வேலைக்கு அனுப்பியது; சேரும்போது அளந்து எழுதியது. சாண்ட்ஹர்ஸ்ட் ராணுவக் கல்லூரி, பெரிய வீட்டுப் பிள்ளைகளை அளந்தது. இரண்டையும் பக்கத்தில் வைத்தால், 19ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் 16 வயதில் இவர்களுக்கிடையே சுமார் 22 செ.மீ. இடைவெளி. ஒரே நாடு, ஒரே மொழி, ஒரே இனம். ஒருவன் மற்றவனின் மோவாய் மட்டத்தில் நிற்கிறான்.

இதெல்லாம் உடம்பில் எப்படி நடக்கிறது? பிறக்கும்போது குழந்தை சுமார் 50 செ.மீ. முதல் ஆண்டில் 25, இரண்டாம் ஆண்டில் 12 செ.மீ. வளர்கிறது. பிறகு வேகம் ஆண்டுக்கு 5, 6 செ.மீ. என்று அடங்கி, பருவமடையும்போது ஒருமுறை எகிறி, எலும்பு முனைகளிலுள்ள குருத்தெலும்புத் தகடுகள் மூடியதும் நின்றுவிடுகிறது. இந்தத் தகடுகளில் செல்கள் காசுகளை அடுக்கியதுபோல் அடுக்கடுக்காகப் பிரிந்து எலும்பை நீட்டுகின்றன. காய்ச்சலும் பேதியும் வந்தால், பட்டினி கிடந்தால், உடம்பு அந்த அடுக்குதலைத்தான் முதலில் நிறுத்துகிறது. மிச்சமிருக்கும் சத்து மூளைக்கும் இதயத்துக்கும் போகிறது. ஒருமுறை நின்றால் பரவாயில்லை. குணமானதும் குழந்தை விட்டதைப் பிடிக்கும். மாதாமாதம் நின்றால் பிடிக்க நேரமில்லை. வெளிப்படையாகப் பேதி போகாவிட்டாலும், அசுத்தமான தண்ணீரையும் மண்ணையும் விழுங்கிக்கொண்டேயிருக்கும் குழந்தையின் சிறுகுடலில் சத்தை உறிஞ்சும் விரல் போன்ற நீட்சிகள் தட்டையாகிவிடுகின்றன. தின்பது ஒட்டாது. ‘நல்லாத்தான் சாப்பிடுறான், உடம்பு பிடிக்கல’ என்று வீட்டில் சொல்வது பல சமயம் இதைத்தான்.

ஆகவே 30 வயதுக்காரரின் உயரம் அவருடைய இன்றைய வாழ்வைச் சொல்லாது. 28, 29 ஆண்டுகளுக்கு முந்தைய வீட்டையும் தெருவையும் சொல்லும். இதை மறந்தால் வரலாற்றைத் தப்பாகப் படிப்போம். 1860இல் அளந்த 20 வயதுப் படைவீரன் 1840இன் குழந்தை.

அமெரிக்காவில் இதனாலேயே ஒரு பெரிய புதிர் எழுந்தது. சுதந்திரப் போரில் சண்டையிட்ட அமெரிக்க வீரர்கள் சுமார் 173 செ.மீ.; பிரிட்டிஷ் வீரர்களைவிடப் பல செ.மீ. உயரம். நிலம் ஏராளம், இறைச்சியும் பாலும் மலிவு, ஊர்கள் தள்ளித் தள்ளி இருந்ததால் தொற்று குறைவு. ஆனால் 1830களுக்குப் பிறகு பிறந்தவர்களின் உயரம் சரியத் தொடங்கி, நூற்றாண்டின் இறுதியில் பிறந்தவர்களில் 169 செ.மீ. அருகே வந்தது. அதே காலத்தில் நாட்டின் வருமானம் பெருகிக்கொண்டிருந்தது. காசு ஏறும்போது ஆள் குறைவானேன்? கால்வாயும் ரயிலும் நோயை உள்நாட்டுக்குள் கொண்டுபோயின. நகரத்துக்கு வந்த குடும்பத்துக்கு மாடு இல்லை. ஐஸ் வசதி வருமுன் பால் நெடுந்தூரம் போகாது. இறைச்சி விலை கூடியது. வேறு சில பொருளாதார வரலாற்று அறிஞர்கள் இந்தப் புதிரையே கேள்விக்குள்ளாக்குகிறார்கள்: வெளியில் நல்ல கூலி கிடைக்கும் காலத்தில் வேறு வழியற்ற ஏழைகளே படையில் சேர்வார்கள், அவர்கள் குட்டை, ஆகவே சரிவின் ஒரு பகுதி ஏட்டின் மாயம் என்கிறார்கள். இந்த வாதத்தில் வலு இருக்கிறது. ஆனால் படையல்லாத ஏடுகளிலும் சரிவின் சாயல் தெரிவதால், முழுக்க மாயம் என்று தள்ளிவிடவும் முடியாது.

அதே நாட்டில் அடிமைகளாக்கப்பட்ட ஆப்பிரிக்கக் குழந்தைகளின் அளவுகள் படிக்கவே மனம் கனக்கும். 1807ஆம் ஆண்டுச் சட்டம் அடிமை இறக்குமதியைத் தடுத்தது. கடலோரக் கப்பலில் கொண்டுபோகப்படுபவர்கள் புதிதாகக் கடத்தி வரப்பட்டவர்கள் அல்ல என்று காட்ட, பெயர், வயது, உயரம் எழுதிய பட்டியலைக் கப்பல் தலைவன் கொடுக்க வேண்டியிருந்தது. அந்தப் பட்டியல்களில் சிறு குழந்தைகளின் உயரம் இன்றைய அளவுகோலில் மிகக் கீழ்க்கோடிக்கும் கீழே. பிள்ளை பெற்ற தாயைச் சில வாரங்களில் வயலுக்கு விரட்டினார்கள்; குழந்தைக்குக் கிடைத்தது கஞ்சி. பத்து வயதுவாக்கில் வேலைக்கு இழுத்ததும் இறைச்சிப் பங்கு கிடைக்கத் தொடங்கியது. அதன் பிறகு அவர்கள் வியக்கத்தக்க வேகத்தில் வளர்ந்து, ஆண்கள் சுமார் 170 செ.மீ. வரை எட்டினார்கள். இழந்த உயரத்தைப் பின்னால் ஓரளவு பிடிக்க முடியும் என்பதற்கு இது சான்று. முதல் ஆண்டுகளில் இறந்துபோனவர்கள் எந்தப் பட்டியலிலும் இல்லை.

ஐரோப்பா எழுந்தது 19ஆம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியிலிருந்துதான். நூற்றாண்டின் நடுப்பகுதியிலிருந்து 1980 வரை ஐரோப்பிய ஆண்களின் சராசரி சுமார் 11 செ.மீ. கூடியது. வடக்கு, நடு ஐரோப்பாவில் ஏற்றம் மிக வேகமாக நடந்தது இரண்டு உலகப் போர்களும் பொருளாதார வீழ்ச்சியும் நிறைந்த ஆண்டுகளில். சோறு மட்டுமே காரணம் என்றால் இது நடந்திருக்கக் கூடாது. 1870களின் தொடக்கத்தில் ஆயிரம் குழந்தைகளில் 178 பேர் முதல் பிறந்தநாளைக் காணாமல் இறந்தார்கள். 1970களின் இறுதியில் 14 பேர். சாக்கடை மூடப்பட்டது, குழாயில் வடிகட்டிய தண்ணீர் வந்தது, பாலைச் சூடாக்கிக் கிருமி கொன்று விற்றார்கள், வீட்டில் பிள்ளைகளின் எண்ணிக்கை குறைந்தது. உணவைவிடத் தண்ணீரும் சாக்கடையுமே பெரிய பங்காற்றின என்பதை இந்த எண்கள் நன்றாகத் தாங்குகின்றன.

நெதர்லாந்து இதற்கு உச்ச உதாரணம். 19ஆம் நூற்றாண்டின் நடுவில் அங்கே கட்டாயப் படைக்கு அளக்கப்பட்ட இளைஞர்கள் சுமார் 165 செ.மீ.தான். 1980இல் பிறந்த ஆண்கள் 183.9. இப்போது அந்த ஏற்றமும் நின்றுவிட்டது: 2001இல் பிறந்த ஆண்கள் 182.9, பெண்கள் 169.3. குடிவரவு ஒரு காரணம். ஆனால் பெற்றோர் இருவரும் அங்கேயே பிறந்த குடும்பங்களிலும் ஏற்றம் இல்லை.

200 நாடுகளை 1896இல் பிறந்தவர்கள் முதல் 1996இல் பிறந்தவர்கள் வரை ஒப்பிட்ட 2016ஆம் ஆண்டின் பெரிய தொகுப்பில் முதலிடம் தென்கொரியப் பெண்களுக்கு. நூறாண்டில் 20.2 செ.மீ. கூடியது; 142இலிருந்து 162. ஈரான் ஆண்களுக்கு 16.5. குவாதமாலாப் பெண்கள் 1996இல் பிறந்தவர்களிலும் 149.4தான். ஆப்பிரிக்காவின் சில நாடுகளில் 1970களுக்குப் பிறகு பிறந்தவர்கள் தங்கள் பெற்றோர் தலைமுறையைவிடக் குறைந்திருக்கிறார்கள்.

நாலைந்து தலைமுறையில் மரபணு இப்படி மாறாது. ஆனால் உயரம் பெரும்பாலும் பரம்பரை என்பதும் உண்மைதான். 2022இல் 54 லட்சம் பேரின் மரபணுவை ஆராய்ந்து உயரத்தோடு தொடர்புள்ள 12,111 இடங்களைக் கண்டுபிடித்தார்கள். இரண்டும் எப்படிப் பொருந்தும்? ஒரே மூட்டை விதைநெல்லைப் பாதி நல்ல வண்டலிலும் பாதி களர்நிலத்திலும் விதைத்தால், ஒவ்வொரு வயலுக்குள்ளும் ஒரு பயிர் மற்றதைவிட நெட்டையாக இருப்பது விதையால். இரண்டு வயலுக்கும் இடையிலுள்ள வித்தியாசம் மண்ணால். அண்ணன் தம்பிக்குள் உயர வேறுபாடு விதை. தாத்தா தலைமுறைக்கும் பேரன் தலைமுறைக்கும் இடையிலுள்ள சராசரி வேறுபாடு மண்.

இந்தியா வருவோம். 1903 முதல் 1916 வரை சென்னைத் துறைமுகத்திலிருந்து பிஜித் தீவுக் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகக் கொண்டுபோகப்பட்ட ஒவ்வொருவருக்கும் ஒரு சீட்டு எழுதப்பட்டது: பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஊர், உடலில் உள்ள தழும்பு, உயரம் அடி அங்குலத்தில். ஆளை அடையாளம் காணவும் ஓடிப்போனால் பிடிக்கவும் எழுதிய அந்தச் சீட்டுகள்தான் அன்றைய ஏழைத் தமிழரின், தெலுங்கரின் உயரத்துக்கு நம்மிடமுள்ள சிறந்த சான்றுகளில் சேர்கின்றன. ஆய்வாளர்கள் கணக்கிட்டபோது, அதே காலத்தில் ஐரோப்பியர் கண்ட ஏற்றம் இவற்றில் தென்படவில்லை. முழு நூற்றாண்டையும் எடுத்தாலும் இந்திய ஆண்களுக்குச் சுமார் 3 செ.மீ., பெண்களுக்குச் சுமார் 5 செ.மீ. மட்டுமே கூடியது.

இதை இனத்தின் இயல்பு என்று விட்டுவிட முடியாது. உலக சுகாதார நிறுவனம் 1997 முதல் 2003 வரை பிரேசில், கானா, இந்தியா, நார்வே, ஓமன், அமெரிக்கா ஆகிய ஆறு நாடுகளில் நல்ல உணவும் சுகாதாரமும் தாய்ப்பாலும் கிடைத்த குழந்தைகளை அளந்தது. இந்தியாவில் தெற்கு டெல்லியில் அளந்தார்கள். ஆறு நாட்டுக் குழந்தைகளும் ஏறக்குறைய ஒரே மாதிரி வளர்ந்தன. பொருளாதார ஆய்வாளர்கள் ஜெயச்சந்திரனும் பாண்டேயும் 2017இல் காட்டியது இன்னும் நெஞ்சைத் தொடுவது: இந்தியாவில் தலைப்பிள்ளைக்கு ஆப்பிரிக்கக் குழந்தையைவிட உயரக் குறைவே இல்லை, குறைவு இரண்டாம் பிள்ளையில் தொடங்கி மூன்றாவதில் கூடுகிறது, ஆண்பிள்ளை ஆசையும் அதற்குப் பின்னால் நிற்கிறது. எல்லோரும் சாப்பிட்ட பிறகு மிஞ்சியதைச் சாப்பிடும் மருமகள், எடை கூடாமலே கருவுறுகிறாள். குறை எடையில் பிறக்கும் பெண் குழந்தை குட்டையான தாயாகி, அடுத்த குழந்தைக்கும் அந்தக் குறையைக் கொடுக்கிறாள்.

தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில், ஐந்து வயதுக்குட்பட்டோரில் வயதுக்கேற்ற உயரமில்லாதவர்கள் 2005-06இல் 48.0 சதவீதம், 2019-21இல் 35.5. தமிழ்நாட்டில் 30.9இலிருந்து 25.0. குறைந்திருக்கிறது, ஆனால் நால்வரில் ஒரு குழந்தை அப்போதும் வயதுக்கேற்ற உயரமில்லாமல். பள்ளி மதிய உணவு ஐந்து வயதுக்குப் பிறகே கிடைக்கிறது. எலும்பின் வேகமான காலம் அதற்குள் முடிந்துவிடுகிறது. குவாதமாலாவில் 1969 முதல் 1977 வரை இரு கிராமங்களுக்குப் புரதக் கஞ்சியும் இரு கிராமங்களுக்குப் புரதமில்லாத இனிப்புப் பானமும் கொடுத்த சோதனையில், கஞ்சி உயரத்தைக் கூட்டியது மூன்று வயதுக்குள் குடித்தவர்களுக்கே. இருந்தாலும் மதிய உணவு வீண் அல்ல: பள்ளியில் சாப்பிட்ட பெண் குழந்தைகள் வளர்ந்து பெற்ற பிள்ளைகள் உயரத்தில் முன்னேறியிருப்பதை 2021இல் வெளியான இந்திய ஆய்வு காட்டியது. பலன் ஒரு தலைமுறை தள்ளிக் கிடைக்கிறது.

தமிழ்நாட்டில் 1980இல் தொடங்கிய ஒருங்கிணைந்த சத்துணவுத் திட்டம் சரியான வயதைப் பிடித்தது. 6 முதல் 36 மாதக் குழந்தைகளை மாதாமாதம் எடைபோட்டு, எடை ஏறாமல் நின்ற குழந்தைக்கு மட்டும் குறைந்தது 90 நாள் கூடுதல் உணவு கொடுத்தார்கள்.

அளப்பதில்தான் இன்றும் நிறையக் கோட்டை விடுகிறோம். இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தையைப் படுக்கவைத்தே அளக்க வேண்டும். அதற்கு இரண்டு பேர் வேண்டும்: ஒருவர் உச்சந்தலை தலைப்பலகையில் படும்படி இரு கையாலும் தலையைப் பிடிக்க, மற்றவர் முழங்காலை மெல்ல அழுத்தி நீட்டி, பாதம் செங்குத்தாக நிற்கும்படி அடிப்பலகையை நகர்த்தி, 0.1 செ.மீ. வரை படிக்க வேண்டும். குடுமியும் கிளிப்பும் இருந்தால் அளவு கூடும். முழங்கால் மடங்கினால் குறையும். படுக்கவைக்க மறுத்து நிறுத்தி அளந்தால் 0.7 செ.மீ. கூட்டிக்கொள்ள வேண்டும். உலக சுகாதார நிறுவனத்தின் அட்டவணைப்படி, சரியாக இரண்டு வயதில் படுத்த நிலையில் ஆண் குழந்தையின் நடு அளவு 87.8 செ.மீ., பெண் குழந்தைக்கு 86.4, எச்சரிக்கைக் கோடு (இதற்குக் கீழே இருந்தால் வயதுக்கேற்ற உயரமில்லை என்று பொருள்) முறையே 81.7, 80.0. பிறந்த தேதியை ஒரு மாதம் தள்ளி எழுதினாலே சுமார் ஒரு செ.மீ. பிசகி, கோட்டுக்குக் கீழே உள்ள குழந்தை மேலே போய்விடும். அந்தக் கோட்டைப் பார்த்துத் திடுக்கிடுவது 24ஆம் மாதத்தில் என்றால் தாமதம். எடை ஏறாமல் நிற்பது ஒரு மாதத்திலேயே தெரியும், அது உயரத்தில் தெரிய இன்னும் சில மாதங்கள் பிடிக்கும்.